எம்னா போடாத கையெழுத்து

க்ரெம்தா சாலை ஐந்தாவது கிலோமீட்டரில் ‘மதாம் ராதியாவோட பொண்ணு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். எம்னா என்று பெயரைச் சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஒரு நாளும் அவளிடம் நேராகப் பேசியதில்லை. அவள் இரண்டு ரொட்டி கேட்பாள். அவர் அவள் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்து, “ரெண்டு போதுமா மதாம்?” என்பார். அம்மா கூட வராத நாளில் வீட்டுக்கு போன் போட்டே கேட்டிருக்கிறார். இருபத்து மூன்று வயதுப் பெண் இரண்டு ரொட்டி கேட்டால் அவளுக்கு வேண்டியது இரண்டு ரொட்டிதான் என்று நம்ப ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

எம்னாவுக்கு ஆட்டிசம். நாலு வயதில் டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் அம்மாவின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. பழைய குழல் விளக்கு எரிந்தால் அதன் ரீங்காரம் அவள் பல்லுக்குள் இறங்கும். கூட்டமாகக் கை தட்டினால் தோலில் சரளைக்கல் வந்து விழுகிற மாதிரி இருக்கும். அதனால் கட்டட வேலைக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் ஆரஞ்சு நிறக் காதுமூடியைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குவாள். யாராவது கேள்வி கேட்டால், பதில் முழுவதையும் உள்ளே அடுக்கி முடித்த பிறகுதான் வாயைத் திறப்பாள். எட்டு விநாடி ஆகும், சில நேரம் பத்து. அது யாருக்கும் பொறுக்காது. அதற்குள் வேறொருவர் அவளுக்காகப் பதில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அம்மாதான்.

ராதியா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. பேச்சில் கெட்டிக்காரி. ஒரு சம்பவத்தை அவள் சொன்னால் கேட்டவர் கண் கலங்காமல் எழுந்து போக முடியாது. அவள் சொல்லும் சம்பவங்களில் முக்கால்வாசி மகளைப் பற்றியவை. பக்கத்து வீட்டு வாசலில், மருந்துக்கடையில், பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது, “என் பொண்ணு ஏழு வயசு வரைக்கும்...” என்று அம்மா ஆரம்பித்தால் எம்னா காதுமூடியை இன்னும் இறுக்கிக்கொள்வாள். மோட்டார் சைக்கிள் சத்தம் நின்றுவிடும். அம்மாவின் குரல் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடும்.

நாலாவது கிலோமீட்டரில் மொன்ஸெஃப் என்பவர் ஒரு வீடியோ விளையாட்டுக்கூடம் வைத்திருந்தார். முன்பு கார்ப் பட்டறையாக இருந்த கொட்டகை. ஒரு பக்கம் கால்பந்து விளையாட்டு ஆடும் பையன்கள், சுவரோரமாக மூன்று திரைகள். அந்தத் திரைகளில், இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் சண்டை விளையாட்டு ஓடும். வீட்டில் தனியாக மூன்று வருஷம் அதை ஆடிப் பழகியிருந்த எம்னா, பத்தொன்பது வயதில் ஒரு நாள் அங்கே நுழைந்தாள். மொன்ஸெஃபிடம் அவள் முதலில் சொன்னதே குறைதான்.

“இந்த விளக்கு கத்துது. மாத்துங்க.”

“விளக்கு கத்துதா? உன் காதுலதான் ஏதோ கோளாறு. ஆடறதுன்னா உக்காரு, இல்லேன்னா வழிய விடு.”

“காசு குடுத்துட்டு நான் ஏன் கத்தலக் கேக்கணும்?”

இருவரும் இருபது நிமிஷம் சண்டை போட்டார்கள். மொன்ஸெஃப் வாய்க்கு வந்தபடி கத்தினார், பேட்டை மொத்தத்தையும் சாட்சிக்குக் கூப்பிட்டார், மறுநாள் விளக்கை மாற்றினார். எம்னாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அம்மாவைக் கூப்பிடு என்று சொல்லாமல் ஒரு மனிதர் அவளோடு இருபது நிமிஷம் சண்டை போட்டிருக்கிறார்!

பையன்கள் சும்மா விடவில்லை.

“தலையில வாளியக் கவுத்துக்கிட்டு வந்திருக்குடா ஒண்ணு.”

“அக்கா, கான்கிரீட் போட வந்தியா?”

எம்னா உட்கார்ந்தாள். விளையாட்டில் யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு பாத்திரம் உண்டு, கனத்த உடம்பும் மெதுவான நடையும் கொண்ட கொல்லன். அவனைத்தான் அவள் எடுப்பாள். ஒரு விநாடியை அறுபது துணுக்காக நறுக்கினால் ஒவ்வொரு குத்தும் உதையும் எத்தனை துணுக்கு எடுக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். முப்பத்தேழு பாத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு மேல் அடிகள். வாளி என்று சொன்னவனை மூன்று முறை வீழ்த்திவிட்டு, அவன் கேட்காமலே விளக்கம் சொன்னாள்.

“உன் உதை பதினாலு துணுக்கு. என் குத்து பத்து. நீ நாலு துணுக்கு லேட். அடுத்த தடவை உதைக்காத, குனி.”

அவன் அடுத்த தடவை குனிந்தான். அப்போதும் தோற்றான். ஒரு மாதத்தில் வாளி, கான்கிரீட் எல்லாம் போய், “டேய், கொல்லத்தி வந்துட்டாடா, எடத்தக் காலி பண்ணு” என்பதுதான் அங்கே மிச்சமாக இருந்த கேலி.

நாலு வருஷம் கழித்து, பிப்ரவரியில், ஸ்ஃபாக்ஸில் நடந்த தகுதிப் போட்டியில் அறுபத்து நாலு பேரில் எம்னா முதலாவதாக வந்தாள். ஏப்ரலில் தலைநகரான டூனிஸில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அவள் பெயர் போனது. அடுத்த வாரமே டூனிஸிலிருந்து ஒரு விளையாட்டு கிளப்பின் மேலாளர் வீடு தேடி வந்தார். பெயர் ஹிஷெம். இஸ்திரி போட்ட சட்டை, கமகமக்கும் வாசனை, எல்லோரையும் சொந்தக்காரர் ஆக்கிவிடும் பேச்சு. அம்மா காப்பியும் பேரீச்சை வைத்த மக்ரூத் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள்.

“மதாம், இப்படி ஒரு பொண்ணப் பெத்ததுக்கு உங்க காலத் தொட்டுக் கும்பிடணும். நாங்க அவளுக்குச் சட்டை, பயணம், தங்கற எடம், மாசச் சம்பளம், எல்லாம் தர்றோம்” என்றார் ஹிஷெம், அம்மாவிடம்.

எம்னா மூன்று நிபந்தனைகளை எழுதி வைத்திருந்தாள். அவளே வாசித்தாள். “ஒண்ணு, சுவரோரமா எனக்கு எடம் வேணும். ரெண்டு, வீட்டுக்குள்ள கேமரா வரக்கூடாது. மூணு, முன்னாடி சொல்லாம திடீர்னு எதுவும் செய்யக்கூடாது.”

“எல்லாம் ஆயிடும் கண்ணு” என்று சொல்லிவிட்டு, ஹிஷெம் ஒன்பது பக்க ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார். எம்னா அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். அவள் எதையும் மேலோட்டமாகப் படிக்க மாட்டாள். மூன்றாவது பக்கம் வந்தபோது ஹிஷெம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்த எம்னாவின் மாற்றுத்திறனாளி அட்டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “கையெழுத்து யாரு போடுவாங்க மதாம்?” என்று கேட்டார்.

“நான்தான். அவளுக்கு எல்லாம் நான்தான்.”

“நான் இன்னும் மூணாவது பக்கத்துல இருக்கேன்” என்றாள் எம்னா.

“அவர் இருட்டறதுக்குள்ள டூனிஸ் போய்ச் சேர வேண்டாமாடி?” அம்மா தாள்களை அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து மெல்ல உருவினாள், குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரி. கடைசிப் பக்கத்தில் ‘காப்பாளர்’ என்று எழுதி, ராதியா என்று அழகாகக் கையெழுத்துப் போட்டாள். ஹிஷெம் எழுந்து எம்னாவின் தலையில் தட்டினார்.

“எனக்கு ஒரு பிரதி குடுங்க.”

“உனக்கு எதுக்கு கண்ணு இந்த வக்கீல் பாஷை எல்லாம்? நீ ஆடு. மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

கோபம் வந்தால் எம்னாவுக்கு வார்த்தை வர இன்னும் நேரமாகும். இரண்டு மணி நேரம் கழித்து வார்த்தை வந்தபோது அம்மா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். “என் கையில இருந்து தாளப் புடுங்கின” என்றாள் எம்னா. “எந்தத் தாளு?” என்றாள் அம்மா. அவள் மறந்தே போயிருந்தாள். மறுநாள் அம்மா பள்ளிக்கூடம் போனதும் எம்னா அலமாரியைத் திறந்து, ஹிஷெம் அம்மாவுக்கு மட்டும் கொடுத்திருந்த பிரதியின் ஒன்பது பக்கங்களையும் மூன்று முறை படித்தாள்.

ஏப்ரலில் டூனிஸுக்குத் தனியாகப் போகிறேன் என்றாள். அம்மா கேட்கவில்லை. எட்டுப் பேர் சேர்ந்ததும் கிளம்புகிற லுவாஜ் வேனில் ஏறும்போதே, அம்மா ஓட்டுநரிடம் உரக்கச் சொன்னாள்: “தம்பி, என் பொண்ணுக்கு முன்சீட்டு குடு. அவளுக்குக் கொஞ்சம் நிலைமை சரியில்ல.” வேனில் இருந்த ஆறு தலைகளும் திரும்பின. ஒரு கிழவி, “ஆண்டவன் உனக்குப் பொறுமையக் குடுக்கட்டும் தாயே” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். எம்னா நாலு மணி நேரம் முன் கண்ணாடியை வெறித்துக்கொண்டே வந்தாள். ஒலிவத் தோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவளுக்கு எண்ணக்கூடத் தோன்றவில்லை.

முதல் நாள் ஆறு ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தாள். சுவரோர இடம் கிடைத்தது. கிளப்பின் நீலச் சட்டை கழுத்தில் அறுத்தாலும் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் அரையிறுதி. எதிராளி பிஸெர்த் நகரத்தைச் சேர்ந்த பிலெல், சென்ற வருஷ வெற்றியாளன். அறுநூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் இருவரும் மேடை ஏறினார்கள். எம்னா தன் பொத்தான் பலகையை மேசைமேல் வைத்து, அதன் கம்பியைச் சரியாக நீட்டிக்கொண்டிருந்தாள். அப்போது விளக்குகள் அணைந்தன.

மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் அவர்கள் வீட்டுக் கூடம் தெரிந்தது. பூப்போட்ட அவர்களுடைய சோபா, அதில் அம்மா. பின்னணியில் யாரோ பியானோவை ஒவ்வொரு கட்டையாகத் தொட்டு அழவைத்துக்கொண்டிருந்தார்கள். எம்னா மொன்ஸெஃபின் கூடத்தில் இருந்த ஏதோ ஒரு மத்தியானத்தில் வந்து எடுத்திருக்கிறார்கள்.

“என் பொண்ணு ஏழு வயசு வரைக்கும் பட்டன் போடத் தெரியாம இருந்தா” என்றாள் திரையில் அம்மா. “மூணாங்கிளாஸ்ல, ஸ்கூல் பஸ்ல, எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் மூத்திரம் போயிட்டா. பிள்ளைங்க சிரிச்சாங்க. நான் அவளத் துடைச்சு விட்டுட்டு, அன்னிக்கு முழுக்க அழுதேன்.” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓர் ஆணின் கனத்த குரல்: “வார்த்தைகள் கைவிட்ட எம்னா, இன்று விரல்களால் பேசுகிறாள்.”

விளக்குகள் எரிந்தன. அறுநூறு பேரும் எழுந்து நின்றார்கள். கைதட்டல் காதுமூடியைத் தாண்டி வந்து விழுந்தது. முன்வரிசையில் ஒருவன் மூக்கைச் சிந்தினான். முதல் வரிசை ஓரத்தில் அம்மா மார்பில் கையை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் தலை வணங்கிக்கொண்டிருந்தாள். பிலெல் எழுந்து வந்து எம்னாவின் தோளைத் தொட்டான். அவன் கண்ணும் ஈரமாக இருந்தது.

“தங்கச்சி, நீ ஜெயிச்சாலும் தோத்தாலும், எங்களுக்கு நீதான் ஜெயிச்சவ.”

எம்னாவுக்கு இந்த முறை பத்து விநாடி தேவைப்படவில்லை.

“நான் தோத்தா தோத்தவதான். கைய எடு.”

அவள் எழுந்து நடுவரிடம் போனாள். நடுவர் ஒரு மெலிந்த பெண், கழுத்தில் நிறுத்துகடிகாரம் தொங்கியது.

“அந்தப் படத்த நீக்குற வரைக்கும் நான் உக்கார மாட்டேன். விதிப் புத்தகம் பன்னெண்டாம் பக்கம். அஞ்சு நிமிஷம் ஆனா எனக்கு ஒரு ஆட்டம் போகும். பத்து நிமிஷம் ஆனா எல்லாமே போகும். நீங்க கடிகாரத்த ஓட விடுங்க.”

நடுவர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினாள். இதற்குள் ஹிஷெம் மேடைக்கு ஓடி வந்துவிட்டார்.

“என்னாச்சு கண்ணு? கூட்டம் ஜாஸ்தியா? தண்ணி குடிக்கிறியா?”

“படத்த எடுங்க.”

“அது ஓடி முடிஞ்சுதே.”

“உங்க கிளப் பக்கத்துலயும் போட்டிருக்கீங்களா?”

ஹிஷெமுக்குப் பெருமை தாங்கவில்லை. “காலையிலயே போட்டாச்சு! ரெண்டு லட்சம் பேர் பாத்துட்டாங்க. தேசமே உனக்காக அழுவுது.”

“எடுங்க.”

“கண்ணு, புரிஞ்சுக்கோ. பதினொண்ணாவது பிரிவுல உன் வாழ்க்கைக் கதைய நாங்க பயன்படுத்தலாம்னு இருக்கு. பதினாலாவது பிரிவுல, மீறினா அபராதம். கையெழுத்துப் போட்டு குடுத்திருக்கே.”

“யாரு போட்டா?”

“உங்கம்மா...”

“எனக்கு இருபத்து மூணு வயசு” என்றாள் எம்னா. குரல் உயரவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “எந்தக் கோர்ட்டும் என்னை யார் கையிலயும் ஒப்படைக்கல. காப்பாளர்னு ஒருத்தர் எனக்குக் கிடையாது. அந்தக் கையெழுத்து எங்கம்மாவத்தான் கட்டுப்படுத்தும். வேணும்னா அவங்கள மேடைக்குக் கூப்பிட்டு ஆடச் சொல்லுங்க.”

ஹிஷெமின் முகத்தில் இருந்த சொந்தக்காரன் இறங்கிப் போனான். “ஏய், யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா? உன்ன ஒரு குப்பைக் கொட்டகையில இருந்து தூக்கிட்டு வந்தவன் நான்.”

“நான் லுவாஜ்ல வந்தேன். இந்தப் போட்டியில என் பேர்ல சேந்தேன். நீங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி.” அவள் நீலச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, மடித்து, அவர் கையில் கொடுத்தாள். உள்ளே சாம்பல் நிறப் பனியன்சட்டை போட்டிருந்தாள். “ஆள் கேக்காம ஆளோட கதைய எடுத்தீங்கன்னு நானே போலீஸ்ல எழுதிக் குடுப்பேன். எழுதறதுல எனக்குப் பிரச்சினை கிடையாது. நீளமா எழுதுவேன்.”

அஞ்சு நிமிஷம் ஆனதாக நடுவர் கையை உயர்த்தினாள். ஒரு ஆட்டம் போனது. அரங்கத்தில் முணுமுணுப்பு. ஹிஷெம் ஒரு மூலைக்குப் போய் யாருக்கோ போன் போட்டார். வக்கீலாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் பேசியது குறைவு, கேட்டது அதிகம். அம்மா மேடை ஓரத்துக்கு வந்து, “எம்னா, மானத்த வாங்காத, உக்காரு” என்று கையை ஆட்டினாள். எம்னா அந்தப் பக்கம் திரும்பவில்லை. எட்டாவது நிமிஷத்தில் ஹிஷெம் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். கிளப்பின் பக்கத்தில் படம் இல்லை. அவள் அதை வாங்கி, கீழே வரை தள்ளிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, வந்து உட்கார்ந்தாள்.

மூன்று ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்கு வெற்றி. ஒன்று ஏற்கெனவே பிலெலிடம் இருந்தது. அடுத்த இரண்டையும் எம்னா எடுத்தாள். கொல்லன் அப்படி அடித்ததை அங்கே யாரும் பார்த்ததில்லை. நாலாவதை பிலெல் எடுத்தான். ஐந்தாவதில் இருவருக்கும் ஒரே அடியில் போய்விடும் உயிர்தான் மிச்சம். பிலெல் உதைத்தான். பதினாலு துணுக்கு. எம்னா குத்தினாள். அவள் குத்து ஒரு துணுக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கொல்லன் விழுந்தான்.

யாரும் அழவில்லை. அந்த மட்டுக்கும் அவளுக்கு நிம்மதி. பிலெல் அவள் பக்கமாக வந்து, இந்தத் தடவை தோளைத் தொடாமல், எரிச்சலோடு கேட்டான். “ஒரு ஆட்டத்தச் சும்மா தூக்கிக் குடுத்துட்டியே, உனக்கென்ன கிறுக்கா? இல்லேன்னா நான் காலி.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“உன்னப் பத்தி உங்கம்மா அறுநூறு பேர் முன்னாடி சொல்லட்டும், அப்புறம் கேளு.”

பிலெல் யோசித்தான். அவன் அம்மாவுக்குத் தெரிந்த கதைகள் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போவது தெரிந்தது. “ஐயோ” என்றான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் எம்னா ஜெயித்தாள். பேட்டி கேட்டு வந்த இருவரிடமும் முடியாது என்றாள்.

வேன் நிலையத்தில்தான் அம்மாவும் அவளும் பேசினார்கள். ஸ்ஃபாக்ஸ்! ஸ்ஃபாக்ஸ்! என்று கூவிக்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவில், பையைத் தரையில் வைத்துவிட்டு.

“நான் பெருமையாத்தானேடி சொன்னேன்?” என்றாள் அம்மா. அழுது முகம் வீங்கியிருந்தது.

“பஸ்ல மூத்திரம் போனது பெருமையா?”

“எங்க இருந்து எங்க வந்திருக்கேன்னு காட்டறதுக்கு...”

“யாரு வந்தது? நீயா, நானா?”

ராதியாவுக்கும் கோபம் வந்தது. அவள் ஒன்றும் சாதுவான பெண் அல்ல. “பதினோரு ஸ்கூல் படி ஏறினேன்டி உனக்காக! ஒருத்தன் உள்ள விடல. ஒரு ஹெட்மாஸ்டர், இதையெல்லாம் வீட்டோட வெச்சுக்கங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னான். என் வகுப்புல, என் மேசை பக்கத்துல உக்கார வெச்சு உனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தேன். உங்கப்பா போனப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நிம்மதியாத் தூங்கியிருப்பேனா? அந்தக் கதை எனக்கும் சொந்தம். நான் வாழ்ந்தது அது!”

எம்னா கேட்டுக்கொண்டு நின்றாள். அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையாக இருந்ததே அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“நீ அழுதது உன்னோடது. அதச் சொல்லு. என் ஈரக் கவுன் என்னோடது” என்றாள்.

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு, அம்மா இடம் பிடித்து வைத்திருந்த வேனை விட்டு அடுத்த வேனில் போய் ஏறினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனிப் பயணம். நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்தவர் வழி முழுக்கச் சூரியகாந்தி விதை கொறித்தார், ஒவ்வொரு கொறிப்பும் அவள் மண்டைக்குள் நடந்தது. பாதி வழியில் வண்டி நின்றபோது வாந்தி எடுத்தாள். விதை கொறித்தவர் தண்ணீர் புட்டியை நீட்டினார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஸ்ஃபாக்ஸில் யார் துணையும் இல்லாமல் இறங்கினாள்.

அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் எம்னா அறை தேடக் கிளம்பினாள். மொராக்கோவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டப் பதிவுகளை அனுப்பி, எங்கே தப்பு என்று அவளிடம் கேட்பார்கள். காசு வாங்கிக்கொண்டு அவள் துணுக்கு துணுக்காகப் பிரித்து எழுதி அனுப்புவாள். வாடகைக்கு அது போதும். வீட்டுக்காரர்களுக்குத்தான் அவள் போதவில்லை. “ஆம்பள துணை இல்லையா?” என்றார் ஒருவர். இன்னொருத்தி காதுமூடியைப் பார்த்ததுமே, “அறை போயிடுச்சு” என்று கதவைச் சாத்தினாள். அறைக்கு ஆள் தேவை என்ற பலகை அதே கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. எம்னா அதைக் கழற்றி, அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் ஏழாவது கிலோமீட்டரில், மொன்ஸெஃபின் மைத்துனிக்கு வண்டிக் கொட்டகைக்கு மேலே ஓர் அறை இருந்தது. “எப்படிப்பட்ட பொண்ணு?” என்று மைத்துனி கேட்டதற்கு மொன்ஸெஃப் சொன்னார்: “ரொம்ப சண்டைக்காரி. விளக்கு கத்துதும்பா, மாத்திக் குடுத்துடு. வாடகை தவறாது.”

தனியாக இருப்பது லேசாக இல்லை. முதல் மாதத்தில் இரண்டு பாத்திரங்கள் தீய்ந்தன. ஒரு தடவை ஆட்டத்தில் மூழ்கி ஒன்றரை நாள் சாப்பிடவே மறந்துபோய் மயங்கி விழுந்தாள். அதன் பிறகு தினமும் ஒரே சாப்பாடு என்று வைத்துக்கொண்டாள்: சூரை மீனும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் போட்ட மக்ரோனி, ஒரு மணிக்கு. விருந்தாளிகளுக்கு அலுக்கலாம். அவளுக்கு அலுக்கவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு வெளியே வந்தால், அறையின் நடுவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் மீன் கூஸ்கூஸ் பாத்திரம். மைத்துனியிடம் கெஞ்சி மாற்றுச் சாவி செய்து வாங்கியிருக்கிறாள். எம்னா துண்டைக் கட்டியபடி நின்றாள்.

“வெளிய போ.”

“சாப்பாடு கொண்டுவந்தேன்டி...”

“வெளிய போய் மணி அடி.”

அம்மா போகவில்லை. எம்னா துணி மாற்றிக்கொண்டு, அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்து, திருகாணியைக் கழற்றி மாட்ட ஆரம்பித்தாள். மைத்துனியிடமும் கீழே போய் ஒரு மூச்சு கத்திவிட்டு வந்தாள். ராதியா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன் போடத் தெரியாத பெண் என்று இரண்டு லட்சம் பேரிடம் சொன்னவள், மகள் ஒவ்வொரு திருகாணியாக முடுக்குவதைப் பார்த்தாள்.

“நீ உள்ள செத்துக் கெடந்தா யாருக்குடி தெரியும்?” என்றாள் கடைசியில். அது பயத்திலிருந்து வந்தது. அழகாகச் சொன்ன சம்பவமாக இல்லை.

எம்னா திருகாணியை முடுக்கி முடித்தாள். “போன் போடு. மூணு தடவை எடுக்கலேன்னா மொன்ஸெஃப் கதவ ஒடைக்கட்டும். அவருக்கு ஒடைக்கப் பிடிக்கும்.”

அம்மா பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது, “மீன்ல முள்ளு எடுக்கல, பாத்துத் தின்னு” என்று மட்டும் சொன்னாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் மணி அடிக்கிறாள். நீளமாக, எரிச்சலோடு, வேண்டுமென்றே அடிக்கிறாள். இருவரும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அந்தப் படத்தைப் பற்றி அம்மா மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

படமும் சாகவில்லை. கிளப் எடுத்துவிட்டாலும், அதற்குள் யார் யாரோ பதிவிறக்கி வேறு வேறு பக்கங்களில் போட்டிருந்தார்கள். எம்னா ஞாயிறு காலைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் புகார் எழுதுவாள். நாற்பதுக்கு மேல் எடுக்க வைத்துவிட்டாள். புதுசாக ஒன்று எங்காவது முளைக்கும். மறுபடி எழுதுவாள்.

சென்ற மாதம் மீன் சந்தையில் அவள் மத்தி வாங்கிக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, அவள் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள்.

“நீதானே அது! பேச்சு வராத பொண்ணு! ஐயோ என் கண்ணே, உன் படத்தப் பாத்து மூணு நாள் அழுதேன்.”

“கைய எடுங்க” என்றாள் எம்னா. “மீன் வாங்கற எடத்துல என்ன இது? உங்க கையெல்லாம் செதில்.”

பெண்மணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. மீன்காரரைப் பார்த்து, “என்ன திமிரு பாத்தீங்களா அண்ணே இவளுக்கு!” என்றாள்.

மீன்காரர் சிரித்தார். எம்னா கன்னத்தைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு, தராசைச் சரியாகப் பிடிக்கச் சொல்லி, மத்தியை வாங்கிக்கொண்டு நடந்தாள். திமிர். வாழ்நாளில் அவளைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. ஏழாவது கிலோமீட்டர் வரைக்கும் அதை வாய்க்குள் போட்டுச் சுவைத்துக்கொண்டே போனாள்.